பேசாமல் சுற்றிய தீவு

தையல் கடை,
ஜனவரி 9

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே இவருக்கு இடுப்பு வலி, எனக்கு இவர். மற்றபடி இருவரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கடல் காற்றுக்குக் குடைச்சல் கூடியிருக்குமே.

நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். சைக்கிள் கற்றுக்கொள்ளப் போகிறேன். சிரித்து முடித்துவிட்டீர்களா? சரி, மேலே படியுங்கள்.

பிள்ளைகளின் கல்யாணத்தன்று பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "கார்ல வந்தா ரோடுதான் தெரியும் சம்பந்தியம்மா. சைக்கிள்ல வந்தாத்தான் தீவு தெரியும்" என்றீர்கள். மூன்று வருஷமாக அது மனதுக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருக்கிறது. என் மகளை உங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன், நான் மட்டும் இன்னும் படகேறவில்லை. இந்த வருஷம் வருகிறேன். உங்கள் பின்னால் சைக்கிள் மிதித்துத் தீவை முழுசாக ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் திரும்புவேன்.

ஐம்பத்து நான்கு வயதில் எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தையல் மெஷின் மிதிக்கிறேன். மிதித்த மிதிக்கு இந்நேரம் எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மெஷின் போட்ட இடத்திலேயே இருக்கிறது.

இவரிடம் சொன்னேன். உங்களுக்குத்தான் தெரியுமே, ஆயுசு முழுக்கப் பஸ் ஓட்டி, ரோட்டில் குறுக்கே வந்த சைக்கிள்காரர்களைத் திட்டியே ரிட்டயர் ஆனவர். "கடைசியில என் வீட்டுக்குள்ளயே ஒண்ணு கிளம்பிருச்சா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த வீட்டில் நான் போன் பேசினால் இவர் பாதியில் பிடுங்கிக்கொள்வார். நீங்களோ தபாலாபீஸில் இருந்தவர், கடிதத்துக்குக் கடிதம் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
சிரித்தாலும் விடாத உங்கள் சம்பந்தி


தீவு,
ஜனவரி 22

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

முழங்கால் படியில் அழுகிறது, சைக்கிளில் சிரிக்கிறது. அதனால் சைக்கிளிலேயே இருக்கிறேன். சம்பந்தியின் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

நான் சிரிக்கவில்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஊரார் கடிதத்தையெல்லாம் சைக்கிளில் சுமந்து வீடு வீடாகக் கொடுத்தவள் நான். எனக்கென்று வந்ததெல்லாம் கரண்ட் பில்தான். கடிதம் போட்டதற்கே உங்களுக்கு ஒரு சுற்று கடன்பட்டிருக்கிறேன்.

கற்றுக்கொள்ளும் விதம் சொல்கிறேன். யாரையும் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவரச் சொல்லாதீர்கள், அவர் விட்டால் நீங்கள் விழுவீர்கள். லேசான இறக்கமுள்ள மைதானமாகப் பாருங்கள். உங்கள் இரண்டு பாதமும் தரையில் பதியும்படி சீட்டை இறக்குங்கள். பெடலை மறந்துவிட்டுக் காலால் உந்தி உந்திப் போங்கள். உடம்புக்குத் தராசு புரிந்த பிறகு கால் தானாகப் பெடலைத் தேடும்.

இங்கே சுற்றுப்பாதை படகுத்துறையில் ஆரம்பித்து, கோட்டை வாசல், பீரங்கி மேடை, கப்பல்காரர்களின் கல்லறை, பழைய சுங்கச்சாவடி என்று மேற்குக் கரையோரமாகப் போகும். பீரங்கிகள் இன்னும் கடலைக் குறிபார்த்தபடி இருக்கின்றன, ஆடுகள் அவற்றின் மேல் ஏறி நிற்கின்றன. அதற்கப்புறம் கழுதை மேடு. பெயரே போதும், விளக்க வேண்டாம். முக்கால்வாசிப் பேர் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருவார்கள். மேடு ஏறினால் கலங்கரை விளக்கம்.

ரிட்டயரான பிறகு, சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்குச் சைக்கிள் வாடகைக்குக் கொடுத்து நான் கூட்டிப்போகும் சவாரிக்கு ஒரே ஒரு சட்டம். கோட்டை வாசலிலிருந்து கலங்கரை விளக்கம் வரை யாரும் வாயைத் திறக்கக்கூடாது. மணியும் அடிக்கக்கூடாது. பெரிய தத்துவம் என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கோட்டையைக் கட்டியது யார் என்று கேட்டு என் பிராணனை வாங்கினார்கள், அதற்காகப் போட்ட சட்டம். போகப் போக எனக்கே பிடித்துவிட்டது. பேச்சை நிறுத்தினால் சக்கரம் மண்ணில் அரைபடுவது கேட்கும், அலை கேட்கும், பக்கத்தில் வருகிறவரின் மூச்சு கேட்கும்.

வெளியூரில் வேலையில் இருக்கும் பிள்ளைகள் இருவரும் நலம் என்று மகன் போனில் சொன்னான். வாருங்கள், காத்திருக்கிறேன்.

உங்கள் சம்பந்தி


தையல் கடை,
பிப்ரவரி 11

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம் என்று எழுத முழங்கை விடவில்லை, தோல் உரிந்திருக்கிறது.

லாரி நிறுத்தும் மைதானத்தில் விடிந்ததும் போய்விடுகிறேன். நீங்கள் சொன்னபடி பெடலைத் தொடாமல் உந்தி உந்திப் போனேன். அந்தப் பக்கம் நடக்க வருகிறவர்கள், "அம்மா, அதுல பெடல்னு ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கடையில் காஜா எடுக்கிறவர் வேறு, துணைக்கு வருகிறேன் என்று வந்து சிரித்துச் சிரித்தே களைத்துப்போகிறார்.

வரவே மாட்டேன் என்ற இவரும் நாலாம் நாள் நாற்காலியோடு வந்துவிட்டார். மைதானத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ரைட்... ரைட்... ஓல்டான்! ஓல்டான்னு சொல்றேன்ல!" என்று கத்துகிறார். நேற்று அந்த நாற்காலி மேலேயே போய் மோதினேன். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனாலும் திருப்தியாக இருந்தது.

மகள் வந்திருக்கிறாள். ஆபீஸில் லீவு சேர்ந்துபோய்விட்டதாம். மாப்பிள்ளைக்கு வேலை அதிகம் போலிருக்கிறது, அவர் வரவில்லை. பரணில் கிடந்த அவளுடைய சைக்கிளைத்தான் இறக்கி எண்ணெய் போட்டு ஓட்டுகிறேன். அமைதியாகத் தூங்கட்டும் என்று அவளுக்குப் பின்னறையைக் கொடுத்தேன். அவளோ தலையணையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, மெஷின் சத்தத்துக்கு நடுவே துணிக்கட்டுகள் மேல் சாய்ந்து தூங்குகிறாள். சத்தம் கேட்டால்தான் தூக்கம் வருகிறதாம்.

மே மாதம் வரலாமா? தள்ளிப்போட மனசில்லை.

உங்கள் சம்பந்தி


தீவு,
மார்ச் 6

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கைக்கு மருந்து போட்டீர்களா?

மகன் வந்திருந்தான். சில நாள் இருந்தான். நான் கேட்காமலே வாசல் கதவுக்குப் பெயிண்ட் அடித்தான், கூரையில் ஒழுகின இடத்தை அடைத்தான், போய்விட்டான். அவன் எப்போதும் அப்படித்தான், வேலை பேசும், வாய் பேசாது.

மருமகள் நலமாக இருக்கிறாளா? சாப்பிடுகிறாளா?

மே மாதமே வாருங்கள். ஜூனில் மழை இறங்கிவிடும். ஏப்ரலில் முடியுமென்றால் இன்னும் நல்லது. தள்ளிப்போட வேண்டாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. உங்களுக்கென்று ஒரு சைக்கிளைப் பிரித்து மாட்டி வைத்திருக்கிறேன், சீட்டு அகலமாக, கைப்பிடி உயரமாக. யாருக்கும் வாடகைக்குக் கொடுக்கவில்லை.

உங்கள் சம்பந்தி


தையல் கடை,
மார்ச் 17

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நலம். நலமோ நலம். இன்று காலை மைதானத்தைவிட்டு வெளியே வந்து, கடைத்தெரு வழியாக, ஒரு இடத்திலும் கால் ஊன்றாமல் கடை வாசல் வரை ஓட்டிக்கொண்டு வந்தேன்! காஜாக்காரர் கை தட்டினார். இவர் பின்னாலேயே மூச்சு வாங்க ஓடிவந்து, "இண்டிகேட்டர் போடாம திரும்பிட்டா" என்று தெரு முழுக்கப் புகார் சொன்னார்.

மே இருபதாம் தேதி காலைப் படகுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். அன்று முழுக்கச் சுற்றிவிட்டு மாலைப் படகில் திரும்புகிறேன். இனி யார் தடுத்தாலும் நிற்க மாட்டேன்.

சைக்கிளில் புடவை ஒத்துவரவில்லை. எனக்கு ஒரு கால்சட்டை தைத்தேன், அதே துணியில் உங்களுக்கும் ஒன்று தைத்துவிட்டேன். உங்கள் அளவென்று என்னிடம் இருப்பது கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையின் அளவுதான். இடுப்பு வரை நிச்சயம், இடுப்புக்குக் கீழே யூகம். உட்காரும் இடத்தில் இரட்டைத் துணி வைத்து, உள்ளே பஞ்சு கொடுத்திருக்கிறேன். வரும் வாரம் பார்சலில் அனுப்புகிறேன். போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மகள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள்.

உங்கள் சம்பந்தி


தையல் கடை,
ஏப்ரல் 12

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உடம்பு சரியில்லையா? பார்சல் வந்ததா, வழியில் தொலைந்ததா? கால்சட்டை பிடிக்கவில்லையென்றால் தாராளமாகத் திட்டி எழுதுங்கள். அளவு தப்பென்று வாடிக்கையாளர்கள் திட்டாத நாளே கிடையாது, எனக்குப் பழக்கம்தான்.

உங்கள் நம்பருக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு வரி போதும், எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி


தீவு,
ஏப்ரல் 25

சம்பந்தியம்மாவுக்கு,

பார்சல் வந்தது. அது மட்டும் வரவில்லை.

அதே நாள், அதே தபால் பையில், உங்கள் ஊர் முத்திரையோடு ரிஜிஸ்டர் கவர் ஒன்றும் வந்தது. என் வேலைக்கு இப்போது வந்திருப்பவர் இரண்டையும் ஒன்றாக என் மடியில் வைத்து, "சம்பந்தி வீட்டுலேருந்து ஒரே சீர்வரிசையா இருக்கே, கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். போட்டேன். கவர் என் மகன் பெயருக்கு வந்த வக்கீல் நோட்டீஸ். அவன் வேறு இடம் மாறிவிட்டதால் இந்த வீட்டு விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் மகள் விவாகரத்து கேட்கிறாள்.

எனக்கு விஷயம் தெரியும். வந்திருந்தபோது மகன் சொன்னான். உங்களுக்குத்தான் தெரியாது, மகள் உங்களிடம் லீவு என்று சொல்லிவைத்திருக்கிறாள், பாவம் நீங்கள் அதை நம்பி உற்சாகமாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நான் நினைத்தேன். நான் எழுதினால் நீங்கள் வரமாட்டீர்கள். வந்து ஒரு சுற்று போகட்டும், அப்புறம் எது வேண்டுமானாலும் ஆகட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் உங்கள் வீட்டிலிருந்துதான் வக்கீலிடம் போயிருக்கிறார்கள். ஒரு கையால் எனக்குக் கால்சட்டை தைத்தீர்கள், இன்னொரு கையால் நோட்டீஸ் அனுப்பினீர்கள். நான் மடையச்சி மாதிரி சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ரொம்ப வலித்தது.

நீங்கள் நலமாக இருங்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அம்மா


தையல் கடை,
மே 1

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மெஷினை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். நலம் விசாரிக்கக்கூட இன்று கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், நலமா?

நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும் என்று எனக்குத் தெரியாது. கல்யாணப் பதிவில் இருந்த விலாசத்தை வக்கீல் எடுத்துப் போட்டிருக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன். மற்றது எனக்குத் தெரியும். ஜனவரி முதல் வாரம் மகள் போனில் அழுதபோதே தெரியும். அன்று இரவுதான் சைக்கிள் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். எப்படியும் கோர்ட்டில் போய் நிற்கும், அப்புறம் நாம் யாரோ, அவர்கள் யாரோ என்று ஆகிவிடும், அதற்குள் உங்களோடு அந்தச் சுற்று போய்விட வேண்டும் என்று இருந்தது. நீங்கள் அறியாமல் இருக்கிறீர்கள் என்று நானும் நினைத்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து நன்றாகத்தான் நடித்திருக்கிறோம்.

இவ்வளவு எழுதிவிட்டேன், மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளை என் மகளை அடிக்கவில்லை. குடி இல்லை, வேறு பெண் இல்லை. அவர் பேசவில்லை, சம்பந்தியம்மா. ஏதோ சின்ன மனத்தாங்கல், அன்றைக்கு நிறுத்திய பேச்சை அரை வருஷம் ஆரம்பிக்கவே இல்லை. உப்பு வேண்டுமென்றால் டப்பாவைத் தட்டிக் காட்டுவாராம். இவள் ஜுரத்தில் கிடந்தபோது மாத்திரையை மேஜை மேல் வைத்துவிட்டு ஆபீஸ் போய்விட்டாராம். "சுவரோட பேசினாக்கூட எதிரொலி வரும்மா" என்றாள். அதனால்தான் கடையில் வந்து தூங்குகிறாள்.

இப்போது இங்கே எல்லோரும் ஒரு பக்கம். "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அங்க போறே?" என்கிறார் இவர். மகள், "நீ அவங்க வீட்டுக்குப் போனா அப்ப நான் சொன்னதெல்லாம் பொய்யாம்மா?" என்று கேட்டாள். அதுதான் எனக்குத் தைத்தது. அவளிடம் சொன்னேன்: "நீ சொன்னது அத்தனையும் நிஜம். உன் கல்யாணம் உன்னோடது, அதை நீ முடிச்சுக்கோ. அதுல எனக்குன்னு கிடைச்ச மனுஷி ஒருத்தி இருக்கா. அவளை நான் ஏன் விடணும்?" அவள் எழுந்து போய்விட்டாள்.

இருபதாம் தேதி காலைப் படகில் வருகிறேன். படகுத்துறைக்கு வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். வராவிட்டால் அங்கேயே ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நானே போவேன். வழிதான் எழுதிவிட்டீர்களே.

கோர்ட் எதைப் பிரித்தாலும், உங்கள் சம்பந்தி


தீவு,
மே 9

சம்பந்தியம்மாவுக்கு,

வர வேண்டாம்.


தீவு,
மே 22

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். கணுக்காலில் சங்கிலி கிழித்த காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா? எனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அன்று காலைப் படகு வரும்போது நான் படகுத்துறையில்தான் இருந்தேன், டிக்கெட் அறைக்குப் பின்பக்கம். வரமாட்டீர்கள் என்று உறுதி செய்துகொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று வந்தேன். நீங்கள்தான் முதலில் இறங்கினீர்கள். சுற்றும் முற்றும் பார்த்தீர்கள். அப்புறம் வாடகைக் கடைக்குப் போய், சீட்டை இறக்கச் சொல்லி, இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டீர்கள்.

நான் பின்னாலேயே வந்தேன். வளைவுக்கு வளைவு இடம் விட்டு வந்தேன். கூப்பிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன். பீரங்கி மேடையில் கூப்பிடலாம் என்று நினைத்தேன், நீங்கள் நின்று பீரங்கியின் மேலிருந்த ஆட்டுக்குட்டியை இறக்கிவிட முயன்றுகொண்டிருந்தீர்கள். கல்லறைப் பக்கம் கூப்பிட நினைத்தேன், நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஒவ்வொரு கல்லாகப் பார்த்தீர்கள். சுங்கச்சாவடிக்கு முன்னால் சங்கிலி கழன்றது. அங்கே நான் மரத்தின் பின்னால் இருந்தேன், கூப்பிடு தூரம்தான். உங்கள் கையெல்லாம் கறுப்பு, கணுக்காலில் ரத்தம். எனக்கு அது ஒரு நிமிஷ வேலை. அந்த ரோட்டில் எத்தனை பேருக்கு மாட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மரத்தின் பின்னாலேயே நின்றேன். நீங்களே மாட்டினீர்கள், புல்லில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டீர்கள்.

கழுதை மேட்டில் நீங்கள் இறங்கவில்லை. ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக நெளிந்து நெளிந்து, முழு மேட்டையும் மிதித்தே ஏறினீர்கள். நான் பாதியில் இறங்கித் தள்ளினேன். இந்த ரோட்டில் நான் இறங்கியது அன்றுதான். மூச்சு வாங்கவில்லை, அழுகை வந்துவிட்டது.

கலங்கரை விளக்கத்துப் படியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டீர்கள். பாதியைக் கல்லின் மேல் காக்கைக்கு வைத்துவிட்டுக் கிளம்பினீர்கள். நான் அந்தப் படியில் போய் உட்கார்ந்தேன். மாலைப் படகு புறப்படும் வரை நீங்கள் படகுத்துறையில் நின்றீர்கள். நான் டிக்கெட் அறைக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை.

நீங்கள் தைத்த கால்சட்டையைத்தான் போட்டிருந்தேன். இடுப்பு கச்சிதம். நீளம்தான் ஒரு விரல் கூட.

மாப்பிள்ளை பேசவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் அவனுக்காக வாதாட மாட்டேன். அவன் பக்கம் நியாயம் இல்லை. இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் சம்பந்தி


தையல் கடை,
ஜூன் 2

சம்பந்தியம்மாவுக்கு,

காயம் ஆறிவிட்டது. கோபம் ஆறவில்லை. அதனால்தான் இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன்.

நீங்கள் பின்னால் வந்தது எனக்குத் தெரியும். கோட்டை வாசலிலேயே தெரியும். மெஷினில் ஒரு நூல் இழுத்தால் காதாலேயே கண்டுபிடிக்கிறவள் நான், அலைச் சத்தத்துக்கு நடுவே ஒரு சைக்கிள் என் வேகத்துக்கு வேகம் கூட்டிக் குறைத்து வருவது கேட்காதா? நான் திரும்பவில்லை. வந்தது நான், கூப்பிட வேண்டியது நீங்கள். சங்கிலி கழன்றபோது வேண்டுமென்றே மெதுவாக மாட்டினேன். ரொட்டியில் பாதியை வைத்தது காக்கைக்கு இல்லை, உங்களுக்கு.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அத்தை பேசினாங்களா?" "இல்லை" என்றேன். "தெரியும்" என்றாள். அவ்வளவுதான், தலையணையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். அந்த ஒரு 'தெரியும்' எனக்குத் தாங்கவில்லை.

நான் பட்டவர்த்தனமாகச் சொல்கிறேன். உங்கள் மகன் என் மகளுக்கு என்ன செய்தாரோ, அதையேதான் நீங்கள் எனக்குச் செய்தீர்கள். ஒரு மாதம் கடிதம் இல்லை, போனை எடுக்கவில்லை, கண்ணெதிரே ரத்தம் வந்தபோதும் மரத்தின் பின்னால் நின்றீர்கள். உங்கள் சவாரியில் பேசாமல் இருப்பது அழகுதான், நானே அன்று அனுபவித்தேன். ஆனால் அது இரண்டு பேரும் சம்மதித்துப் பேசாமல் இருப்பது. இது வேறு. இது கதவைச் சாத்துவது.

வருகிற பதினெட்டாம் தேதி பிள்ளைகள் கோர்ட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். தீர்ப்பு எப்போது வந்தாலும், ஊர் கணக்கில் அன்றோடு நமக்குள் ஒன்றும் இல்லை. பத்தொன்பதாம் தேதி காலைப் படகில் நான் வருகிறேன். இவர் திட்டிக்கொண்டேதான் சீட்டு வாங்கி வந்தார். மழை பெய்தாலும் வருவேன். நீங்கள் டிக்கெட் அறைக்கு முன்பக்கம் நின்று, என் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே படகில் திரும்பிவிடுவேன். அப்புறம் எழுத மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தி


தீவு,
ஜூன் 21

அன்புள்ள மருமகளுக்கு,

அப்படிக் கூப்பிட இப்போது எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

உன் அம்மா நேற்று முன்தினம் வந்தார். படகு கரையைத் தொடவில்லை, அதற்குள் நான் கத்த ஆரம்பித்துவிட்டேன். ஒரு வார்த்தைதான் கேட்டார், நான் நிறுத்தவே இல்லை. "வாங்க, வாங்க, பார்த்து இறங்குங்க, வாங்க" என்று நான் போட்ட கூச்சலில் படகுக்காரர் பயந்துபோய்க் கயிற்றைத் தண்ணீரில் விட்டார். உன் அம்மா அழுதுகொண்டே, "காது கேக்குதுங்க" என்றார். நல்ல மழை. இரண்டு பேரும் நனைந்துகொண்டே சுற்றினோம். வழியெல்லாம் பேசினோம், மேட்டில் மட்டும் மூச்சுக்காக நிறுத்தினோம். இப்போது என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து என் கால்சட்டையின் நீளத்தைப் பிரித்து மடித்துக்கொண்டிருக்கிறார். நாளை அனுப்பிவைக்கிறேன். இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. உன் பெயருக்கு, உன் கைக்கே, தபாலில் வரட்டும்.

உன் அம்மாவிடம் சொன்னதை உன்னிடமும் சொல்ல வேண்டும். அவன் சின்னவனாக இருந்தபோது தப்பு செய்தால் நான் அடிக்கமாட்டேன், திட்டமாட்டேன். பேச்சை நிறுத்திவிடுவேன். தட்டை வைப்பேன், சட்டையை எடுத்து வைப்பேன், முகம் கொடுக்கமாட்டேன். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே சுற்றுவான். "பிள்ளை மேல கை நீட்டாத அம்மா" என்று தெருவே என்னை மெச்சியது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவன் அதை எங்கே கற்றான் என்று நீ யோசித்திருப்பாய். இங்கேதான் கற்றான். அவனிடம் இதைப் பேசினேன், இன்னும் பேசுவேன். அவன் செய்தது அவன் கணக்கு, அதற்கு நான் சாக்குச் சொல்லவில்லை.

என் கணக்கு ஒன்று தனியாக இருக்கிறது. அந்த அரை வருஷமும் நீ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் செய்தாய். நான் எடுத்ததும், "அவன் எப்படி இருக்கான்? சரியா சாப்பிடறானா?" என்று கேட்பேன். "நல்லா இருக்காருங்க அத்தை" என்பாய். அப்புறம் ஏதோ கேட்பதற்குக் காத்திருப்பதுபோல் போனை வைக்காமல் இருப்பாய். "சரிம்மா, வச்சிடறேன்" என்று நான் வைத்துவிடுவேன். அந்த வீட்டில் உன்னோடு பேச ஆள் இல்லாமல்தான் நீ என்னிடம் பேசினாய் என்று இப்போதுதான் புரிகிறது. ஒரு ஞாயிறுகூட நான் உன்னைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், பதில் எழுத எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

நீ எப்படி இருக்கிறாய் அம்மா?

அத்தை